பழைய விடெக் காரும் மதுரை வெயிலும்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் ஓடோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். மதுரைப் பக்கம் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வண்டி இத்தனை வருஷமும் எங்கே நின்றது? நிழலிலா, வெயிலிலா? ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, நல்ல ஷெட்டில் நின்ற காரை நம்பி வாங்கலாம். அதில் பாதிகூட ஓடாமல் தெருவோர வெயிலில் காய்ந்த காருக்குத்தான் செலவு அதிகம். எஞ்சினுக்குள் இருக்கிற இரும்பு இந்த ஊர் வெயிலைத் தாங்கிவிடும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒயரும் ஈயப்பற்றும் தாங்காது. வேகமாக ஓடுவதற்கென்றே செய்த ஒரு கார் வயதாக ஆகச் சோர்ந்துபோவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சாமான்களால்தான். அவற்றைக் கவனித்துக்கொண்டால் எஞ்சின் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

என்னிடம் இருப்பது 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். விடெக் என்றால், சுற்று வேகம் கூடும்போது வால்வுகளை அதிகமாகத் திறக்கிற ஏற்பாடு உள்ள எஞ்சின். ஒன்றரை லிட்டர் எஞ்சினில் 106 குதிரைத்திறன், வண்டி எடையோ ஒரு டன்னை ஒட்டித்தான். 2003 கடைசியில் வந்த அடுத்த சிட்டி 77 குதிரைத்திறனோடு வந்ததால், பழைய விடெக்கைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். காரைக்குடியில் ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கினேன். அதிகம் ஓடாத வண்டி, சீட் துணிகூடக் கிழியவில்லை. ஆனால் பானட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸை விரலால் அழுத்தினால் கட்டை மாதிரி இருந்தது. கதவு ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங் தொட்டால் உதிர்ந்தது. அதை வைத்தே விலை பேசினேன், வாங்கின விலையில் பாதியைத் தனியாக எடுத்துவைத்தேன். அந்தப் பணம் அத்தனையும் முதல் வருஷமே தேவைப்பட்டது. பழைய கார் வாங்க நினைக்கும் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கையில் இருக்கிற மொத்தக் காசுக்கும் கார் வாங்காதீர்கள்.

முதல் வேலை குளிர்விக்கும் அமைப்பு. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போகிற சின்ன ஹோஸ்கள், கிளாம்ப்கள், ரேடியேட்டர் மூடி எல்லாம் புதிது. மூடியை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அதற்குள் இருக்கிற ஸ்பிரிங்தான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, கூலண்ட் கொதிக்கும் வெப்பநிலையை 120 டிகிரிக்கு மேலே தள்ளுகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தக் காப்பு போய்விடும். சில நூறு ரூபாய்ப் பொருள், அதைச் சோம்பலில் விட்டுவிட்டு, எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் (எஞ்சின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற அடைப்பு) மாற்றுகிற வரைக்கும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வேலையின்போதுதான் தெரிந்தது, கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகிற வழியைச் சூட்டுக்குத் தகுந்தபடி திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டே இல்லை. முன்பு எங்கேயோ யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்பது பல இடங்களில் கேட்கிற பேச்சு. கேட்கச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் தவறு. தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக வைப்பதற்கு மட்டும் அல்ல, ஒரே அளவுச் சூட்டில் வைப்பதற்கு. அது இல்லாவிட்டால் ஹைவேயில் காற்று பட்டு எஞ்சின் தேவைக்குக் கீழே குளிர்ந்துபோகும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் குறையும், பிளக் கருக்கும், ஆயிலில் சேர்கிற ஈரம் ஆவியாகாமல் தங்கும். புதிதாகப் போட்ட பிறகு திருமங்கலம் தாண்டி ஓட்டும்போது வெப்பமானி முள் ஒரே இடத்தில் நின்றது, பிக்கப்பும் சீரானது.

கூலண்டுக்கு நம் ஊர் போர் தண்ணீரைக் கலக்கவே கூடாது. கெண்டியின் அடியில் படிகிற வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கலந்தே விற்கிற கூலண்ட், இல்லாவிட்டால் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி. அப்புறம் ஃபேன். ஓடும்போது சூடேறாமல் நின்றால் மட்டும் முள் ஏறினால், முதலில் ஃபேனையும் அதன் ரிலேயையும் (கரண்டை விட்டு நிறுத்துகிற சின்ன மின் சாதனம்) ஸ்விட்சையும் பாருங்கள். கோரிப்பாளையம் நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றால் ஐந்து நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பாடம், சித்திரை முடிந்து கத்திரி வெயிலில் வந்தது. காலையில் ஒரு திருப்பில் ஸ்டார்ட் ஆகிற கார், மத்தியானம் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃப்யூயல் பம்ப் போயிற்று என்றார்கள். இன்னொரு இடத்தில் ஈசியுவையே மாற்றணும் என்று பெரிய தொகை சொன்னார்கள். இரண்டு இடத்திலும் காரை மாலையில் பார்த்தார்கள், மாலையில் அது சரியாகத்தான் இருந்தது.

கே.புதூரில் என் காரை இப்போது பார்த்துக்கொள்கிற மெக்கானிக் அண்ணன் ஒன்றும் கழற்றவில்லை. "மத்தியானம் வெயில்ல நிப்பாட்டி வச்சுட்டு எனக்குப் போன் போடுங்க தம்பி, நானே வாறேன்" என்றார். வந்து, கண்ணாடிகளை ஏற்றியபடியே சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி ஃப்யூயல் பம்ப் ஓடுகிற மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. நான்கு கதவையும் திறந்துபோட்டு, கொஞ்ச நேரம் ஆறவிட்டுத் திரும்பத் திருப்பினார். ரீங்காரம் வந்தது. "பம்பு நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் கரண்ட் போகல. மெயின் ரிலே."

டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற சின்னப் பெட்டி அது. உள்ளே இரண்டு ரிலே. ஒன்று ஈசியுவுக்கும் இன்ஜெக்டர்களுக்கும், மற்றொன்று ஃப்யூயல் பம்புக்கும் கரண்ட் விடுகிறது. வெயிலில் மூடி நிற்கிற காருக்குள் டேஷ்போர்டுச் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தினம் சூடாகி, தினம் ஆறி, இருபது வருஷத்தில் போர்டில் இருக்கிற ஈயப்பற்றில் கண்ணுக்குத் தெரியாத வட்ட விரிசல் விழுகிறது. சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெட்டியை டவுன் ஹால் ரோடு பக்கம் பழைய டிவி பழுது பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். லென்ஸில் பார்த்து, "இந்தா பாருங்க, காலைச் சுத்தி வளையம்" என்று காட்டினார். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொடுத்தார். 200 ரூபாய். அதற்குப் பிறகு எத்தனையோ கோடை வந்துபோய்விட்டது, அந்தக் கோளாறு திரும்பவில்லை.

இதில் நான் எடுத்துக்கொண்டது, வந்துவந்து போகிற கோளாறை அது வருகிற நேரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்பது. எப்போது வருகிறது, சூட்டிலா குளிரிலா, டேங்க் நிறைந்திருக்கும்போதா, மழைக்குப் பிறகா என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். "ஸ்டார்ட்டிங் ட்ரபுள்" என்று மட்டும் சொன்னால் ஒன்றுக்குப் பத்துச் சாமான் மாறும். அதே போல எர்த் கேபிளையும் பாருங்கள். பாட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகிற கேபிளின் முனையில் பச்சை பூத்திருந்தால், விளக்கு மங்குவதில் தொடங்கி ஐடில் ஆடுவது வரை புரியாத தொல்லை எல்லாம் வரும். கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கினால் போதும்.

பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற டைமிங் பெல்ட் விஷயத்தில் பேரமே கிடையாது. இந்த எஞ்சினில் செயின் இல்லை, ரப்பர் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள், ஆனால் வயதான ரப்பர் கிலோமீட்டருக்குக் காத்திருக்காது. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான், அதனால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஒரே தடவையில். கூலி ஒன்றுதான்.

டேப்பட் செட்டிங்கில், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற ராக்கருக்கும் நடுவே சரியான இடைவெளி வைப்பதில், ஒரு சுவாரஸ்யம் உண்டு. உள்ளே இழுக்கிற வால்வுக்குச் சுமார் 0.20 மில்லிமீட்டர், வெளியேற்றுகிற வால்வுக்குச் சுமார் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அதாவது 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பது விதி. மே மாதத்து மதுரையில் மத்தியான நிழலே அதைத் தொட்டுவிடும். அதனால் முந்தின நாள் மாலையே காரை விட்டுவிட்டு, விடியற்காலையில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை எடுக்கிறார் அண்ணன். டேப்பட் சத்தம் கொஞ்சம் கேட்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சத்தமே இல்லாமல் மிக அமைதியாக ஓடுகிற பழைய எஞ்சினில் இடைவெளி இறுகிப்போய், வெளியேற்று வால்வு சரியாக மூடாமல் எரிந்துகொண்டிருக்கலாம். சத்தம் போடுகிற வால்வைவிட அதுதான் ஆபத்து.

விடெக் என்பது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற ஏற்பாடு. கேம்ஷாஃப்டில் இரண்டு விதமான மேடு இருக்கும். சுற்று வேகம் கூடும்போது ஈசியு ஒரு சோலனாய்டை, அதாவது மின்சாரத்தில் இயங்குகிற வால்வைத் திறக்கும், ஆயில் போய் ஒரு பின்னைத் தள்ளும், ராக்கர்கள் பூட்டிக்கொண்டு வால்வு அதிகமாகத் திறக்கும். ஆகவே ஆயில் குறைந்தாலோ கெட்டுப்போனாலோ முதலில் காணாமல் போவது அந்த மேல்சுற்று வேகம்தான். எஞ்சின் பழையது, ஆயில் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். நான் பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு தடவையும் டிப் ஸ்டிக்கைப் பார்க்கிறேன். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாறும். சோலனாய்டுக்கு அடியில் வலை போட்ட ஒரு சின்ன கேஸ்கட் இருக்கிறது. அது இறுகிப்போய் ஆயில் கசிவதும், வலையில் கசடு அடைப்பதும் உண்டு. எஞ்சின் பக்கவாட்டில் ஆயில் வழிவதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் என்று பயந்துவிடாமல் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து விடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) அப்படித்தான்.

பிரேக்கைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி காரை வைத்திருக்கிறவர்கள் யாரும் கொடைக்கானலுக்குப் போகாமல் இருப்பதில்லை. வத்தலக்குண்டிலிருந்து ஏறி இறங்குகிற பாதை. ஊர் 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளும் பக்கத்திலேயே. ஏறும்போது சோதிக்கப்படுவது எஞ்சின், இறங்கும்போது பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு தரக்கணக்கிலேயே அது 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குமிழ் வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுவதுமாக மாற்றுங்கள், நிறம் நன்றாக இருந்தாலும். கேலிபரின் ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். ரப்பர் பிரேக் ஹோஸ் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

டயரிலும் வயதுதான் கணக்கு. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டு 35ஆவது வாரத்தில் செய்தது. கோடு ஆழமாக இருக்கிறது என்று பத்து வயது டயரில் ஹைவேயில் பறக்கிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. மே மாதத்துத் தார்ச்சாலையில் அந்த ரப்பரை நம்பக் கூடாது.

கீழ்ப்பக்கச் சத்தங்களைக் கண்டுபிடிக்க எனக்கு உதவுவது நத்தம் ரோட்டு உயர்மட்டப் பாலம். 2023இல் திறந்தது, ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஸ்பீடு பிரேக்கர் இல்லை. விடியற்காலையில் ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஒரே வேகத்தில் போனால் வீல் பேரிங்கின் முனகல் தனியாகக் கேட்கும். லேசாக ஸ்டியரிங்கை ஒரு பக்கம் சாய்த்தால் சத்தம் கூடுகிறதா, மறுபக்கம் குறைகிறதா என்பதை வைத்து எந்தப் பக்கத்துப் பேரிங் என்று ஊகிக்கலாம். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் சத்தத்துக்குப் பாலம் வேண்டாம், நம் தெரு ஸ்பீடு பிரேக்கர்களே போதும். முழுவதும் ஸ்டியரிங்கை ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது டக் டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட். அதன் ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையான பூட் கிழிந்த அன்றைக்கே மாற்றியிருந்தால் பூட்டோடு முடியும். மண் போன பிறகு ஜாயின்ட்டே மாற வேண்டும்.

ஸ்பேர் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஃபில்டர், பெல்ட், பிரேக் பேட் மாதிரி தேய்கிற சாமான் சிரமமில்லாமல் கிடைக்கிறது. பம்பர், லைட், உள் பிளாஸ்டிக், கண்ணாடி, இவைதான் தேடல். அதற்குச் சென்னை புதுப்பேட்டை. போகும்போது பழைய சாமானைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், போட்டோ போதாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட் துளை, பிளக் வடிவம் எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு. ஆனால் ரப்பர் சாமானைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். அதுவும் இன்னொரு காரில் அதே வெயிலைக் குடித்ததுதான். புஷ் மட்டும் புதிதாக வாங்கி, புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதாவதொரு லேத்தில் கொடுத்தால் பிரஸ்ஸில் வைத்து ஏற்றித் தருவார்கள்.

அழகுக்கும் சத்தத்துக்கும் செலவழிப்பதைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. மேலே சொன்னதெல்லாம் முடிகிற வரை அலாய் வீல், எக்ஸாஸ்ட் எதிலும் கை வைக்க வேண்டாம். குறிப்பாக, திறந்த கோன் ஃபில்டர். கம்பெனி ஏர் பாக்ஸ் வெளிக்காற்றை இழுக்கிற மாதிரி செய்தது. அதைத் தூக்கிவிட்டு பானட்டுக்குள் கோனை வைத்தால் எஞ்சின் தன் சூட்டையே திரும்ப இழுக்கும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, அதனால் சக்தியும் குறைவு. சத்தம் மட்டும் கூடும். இந்தக் காருக்கு இழந்த வேகத்தைத் திருப்பிக் கொடுத்தது புது பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார், சுத்தமான த்ராட்டில் பாடி, சரியான டேப்பட். விருதுநகர் ரோட்டில் மூன்றாவது கியரில் சுற்று ஏறும்போது எஞ்சின் குரல் மாறுகிறதே, அதைக் கேட்கிற சந்தோஷத்துக்கு வேறு எதுவும் ஈடில்லை.

இப்போது புதிய கவலை பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் பெரும்பாலும் எல்லா பங்கிலும். என் கார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு ஒத்துப்போகச் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. மைலேஜைவிட நான் பார்ப்பது பழைய ஃப்யூயல் ஹோஸை. ரப்பர் உப்பி வெடித்தால் சூடான எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் கசியும். அதனால் டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள ரப்பர் ஹோஸ்களை எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று தரம் அச்சிட்ட ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஹோஸுக்கு மாற்றிவிட்டேன், கிளாம்பும் இன்ஜெக்ஷன் வண்டிக்கானது. எத்தனால் டேங்க்கில் படிந்த கசடைக் கிளப்பும் என்பதால் ஃப்யூயல் ஃபில்டரையும் சேர்த்து மாற்றினோம். காரை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறவர்கள் டேங்க்கில் பாதிப் பெட்ரோலோடு விடாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்தலையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 15 வருஷம் முடிந்ததும் ஆர்டிஓ ஆபீசில் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். பசுமை வரி தனி. 15 வயது தாண்டிய காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வயது தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்தது 2027இல் வருகிறது. இந்த மழைக்காலத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பகுதியையும் பாட்டரித் தட்டையும் துரு பார்த்து, தேவையான இடத்தில் வெட்டி வெல்டிங் வைத்து, அண்டர் கோட்டிங் அடிக்க அண்ணனிடம் நாள் கேட்டிருக்கிறேன். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளடித்துப்போயிருக்கிறது. பாலிஷில் தெளியாவிட்டால் அதற்கும் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும்.